தெற்கு பார்த்த வீட்டில் ஒரு மழைக்காலம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியோ பழைய வீடுகளுக்கு வந்துவிடுகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான் ஆயிற்று. ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்த மேட்டில் வரிசையாக இருந்த துரைமார் பங்களாக்களைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தார். சிவப்பு ஓடு, அகலமான வராந்தா, மூங்கில் தட்டி என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். "நீங்க அங்கதான இருந்தீங்க, சொல்லுங்களேன்" என்று என்னைக் கேட்டார்கள். குளிர்ச்சியான வீடு என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினேன். மற்றதைப் பந்தியில் சொல்ல முடியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்றன்று நடந்ததைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு வேலைக்குப் போன பிறகு வந்தது. இது அதற்கு முந்தியது. அப்போது நான் எட்டு வயதுச் சிறுமி. ஆகவே நானே பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொல்கிறேன். பிறர் சொல்லித் தெரிந்ததை அவர்கள் சொன்னதாகவே சொல்கிறேன்.

ரப்பர் விலை விழுந்து, துரைமார் பலர் சீமைக்குத் திரும்பிய காலம். மேட்டில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டைக் கறையான் சும்மா விடாது. அப்பா மராமத்து வேலையில் ஓவர்சியர். அந்த வீடுகளில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடு அதிலேயே குடியிருக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. டவுனில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்த நாங்கள் நாலு பேரும், அதாவது அப்பா, அம்மா, நான், தம்பி, ஒரு மாட்டுவண்டிச் சாமான்களோடு அந்தப் பெரிய வீட்டுக்குள் போனோம். சாமான்களை எங்கே வைத்தாலும் வீடு காலியாகவே தெரிந்தது.

வீட்டின் அமைப்பைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

ஆள் உயரச் செங்கல் தூண்களின் மேல் வீடு நின்றது. முன்பக்கம் தெற்கு. மோட்டார் வந்து நிற்பதற்குக் கூரை போட்ட போர்ட்டிகோ, அங்கிருந்து அகலமான படிகள், படிகளுக்கு மேல் வராந்தா, அதன் நடுவில் இரட்டைக் கதவு. அங்கே நின்றால் தண்ணீருக்கு அப்பால் சிங்கப்பூர்க் கரை தெரியும். உள்ளே கூடம், இரு புறமும் அறைகள். வடக்கே, கூரை போட்ட நடை ஒன்றின் முடிவில் சமையற்கட்டு. கிழக்கே குளியலறைக்கு வெளியிலிருந்து ஏறும் ஒடுக்கமான ஒரு படி. தண்ணீர் சுமப்பவர் துரையின் கண்ணில் படாமல் வந்து போவதற்காகக் கட்டியது அது. உள்சுவர்கள் எதுவும் கூரையைத் தொடவில்லை. வெளிச்சுவர்களின் உச்சியில், பலகையில் பூவும் கொடியுமாக அறுத்தெடுத்த காற்றுவழி வீட்டைச் சுற்றிலும் ஓடியது. சாயங்காலத்தில் மேற்குப் பக்கத்துப் பூக்கள் எதிர்ச்சுவரில் வெளிச்சமாக விழுந்து மெல்ல மேலேறும். தம்பி அவற்றைக் கையால் பொத்திப் பார்ப்பான்.

அம்மா போர்ட்டிகோவில் இறங்கியதுமே சூரியனைப் பார்த்துத் திசை கணக்குப் போட்டுவிட்டார்.

"தெக்குப் பாத்த வாசலா? எமன் திக்குல ஏறி எறங்குறதுக்கா நம்மள கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

"கவர்மெண்ட் எஞ்சினியர் கட்டினது. கடல் காத்து வரட்டும்னு தெக்க வச்சிருக்கான்."

"காத்து அவனுக்கு வரட்டும். எனக்குப் புள்ளைங்க இருக்கு."

அன்றே இரட்டைக் கதவு தாழிடப்பட்டது. கிழக்கே இருந்த குளியலறைப் படி எங்கள் தலைவாசல் ஆனது. அதன் அடியில் அம்மா கோலம் போட்டார். குளியலறையில் இருந்த பெரிய தண்ணீர்ச் சாடியை ஓரமாகத் தள்ளி, நிலைக்கு மஞ்சள் பூசினார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் சாடியை உரசிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், "என்ன சார், வர்றவங்களக் குளிப்பாட்டித்தான் உள்ள விடுவீங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அம்மா சமையற்கட்டிலிருந்தே, "அழுக்கா வந்தா அதுவும் உண்டு" என்றார்.

தெற்குப் பக்கத்து அறைகளையும் நாங்கள் புழங்கவில்லை. முன்பிருந்த துரையின் மனைவி காய்ச்சலில் படுத்து, அவற்றில் ஒன்றில்தான் இறந்துபோனாராம். கீழே கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட மலாய்க்காரர் சொன்னது இது. துரை விட்டுப்போன தொப்பி மாட்டும் ஸ்டாண்ட் ஒன்று இரட்டைக் கதவருகில் இருந்தது. அதன் நடுவில் ஆளுயரக் கண்ணாடி. அம்மா அதை ஒரு பழைய சேலையால் மூடினார். மூடிய பிறகு கூடத்திலிருந்து பார்த்தால் முக்காடு போட்ட ஒரு பெண் நிற்பதுபோல இருந்தது. சேலையை எடுத்தால் கண்ணாடி, எடுக்காவிட்டால் பெண். நாங்கள் இரண்டையும் பார்க்காமல் நடந்து பழகினோம்.

என் சித்தப்பா இந்த வீட்டைப் பார்த்ததில்லை. அப்பாவின் ஒரே தம்பி. சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். டவுன் வீட்டுக்கு அவர் வரும்போது சட்டையில் ரப்பர் புகைக்கூண்டின் வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். அவர் மடியில் முகத்தை வைத்துக்கொள்வேன். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் மீன் செய்து தருவார். கடைசியாக வந்தபோது மீன் செய்யவில்லை. உட்காராமல் பேசினார்.

"கட்டிக்கலாம்னு இருக்கேண்ணே."

"கூலி லயத்துல பால்மரம் வெட்டுறவளையா?"

"நானும் அந்தத் தோட்டத்துச் சோறுதான் திங்கிறேன்."

"அப்ப அங்கயே தின்னு. அவளக் கூட்டிக்கிட்டு என் வாசல மிதிக்காத."

அம்மா இடையில் வந்து, "சாப்பிட்டுட்டுப் பேசுங்களேன்" என்றார். சித்தப்பா, "இல்லண்ணி, ரயிலுக்கு நேரமாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அதன் பிறகு ஒன்றரை வருடம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பாவும் அனுப்பவில்லை. ஆனால் சிகாமட் பக்கமிருந்து யார் வந்தாலும் மழை, ரப்பர் என்று சுற்றி வளைத்துக் கடைசியில், "நம்ம பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்பார். மேட்டு வீட்டுக்குக் குடிவந்த பிறகு, வடக்கு அறையில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அந்த வருட மழை எங்களுக்குச் சும்மா மழைதான். ஓட்டின் மேல் பெய்யும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. வடக்கே ஆறு கரை புரண்டு, ரயில் நின்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு ரயிலில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைப் படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றார் அப்பா.

"இல்ல, இருக்கட்டும். தம்பி இருந்த தோட்டத்துல லயம் மொத்தமும் போயிருச்சுங்க. ஆளுங்களக் கரையேத்தப் போனவர் திரும்ப ஏறலன்னு சொல்றாங்க."

ரயில் ஓட ஆரம்பித்ததும் அப்பா போனார். இரண்டு நாள் கழித்துச் சேறு காய்ந்த காலோடு திரும்பினார். லயம் இருந்த இடத்தில் தூண் அடிக்கட்டைகள்தான் இருந்தன என்றார். தோட்டத்து ஆட்கள் திசைக்கொன்றாகச் சிதறிவிட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர், தண்ணீரில் அவர் தலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை என்று சொன்னாராம். உடல் கிடைக்கவில்லை.

தர்ப்பையில் உருவம் செய்து கடற்கரையில் காரியம் செய்தார்கள். அப்பா மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றபோது, தம்பி அவரை அடையாளம் தெரியாமல் அழுதான். காரியம் செய்துவைத்த பண்டாரம் போகும்போது அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"உடம்பு கெடைக்காத உசுரு. வீடு தேடி வரும். பழகின குரல்லயே கூப்பிடும். உடனே பதில் குடுத்துடாதீங்கம்மா. மனுஷன்னா மூணாவது தடவையும் கூப்பிடுவான். அதால ரெண்டுக்கு மேல முடியாது."

இது உங்களில் பலர் வீட்டிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இன்னொன்றை எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட மலாய்க்காரர் சொல்லியிருந்தார். பிரசவத்தில் செத்துப்போன பெண் பொந்தியானாக் ஆகி அலைவாள், மழை நாளில் கைக்குழந்தை அழுகிற மாதிரி சத்தம் கேட்கும் என்று. "சத்தமா கேட்டா தூரம், அடெக். மெதுவா கேட்டா பக்கம்" என்று என்னைத் தங்கச்சி முறையில் கூப்பிட்டுச் சொல்லி, என் காதுக்கு மிக அருகில் விரலைச் சொடுக்கிக் காட்டினார். அம்மா அவரைத் திட்டினார். ஆனால் அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

காரியம் முடிந்த அதே வாரம். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மழை கனத்துப் பெய்து அப்போதுதான் சற்றுத் தணிந்திருந்தது. நாங்கள் நாலு பேரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

குரல் மேலேயிருந்து வந்தது. வாசல் பக்கமிருந்து வரவில்லை. எங்கள் தலைக்கு மேலே, கூரையின் இருட்டிலிருந்து இறங்கி வந்தது. சித்தப்பாவின் குரல்தான், எனக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை. அப்பா எழுந்து நின்றார். அம்மா சோற்றுக் கையாலேயே அவர் வேட்டியைப் பிடித்தார்.

"பேசாதீங்க."

"அவன் குரல்."

"அவரு குரல்தான். அதான் சொல்றேன், பேசாதீங்க."

தெற்கே, பூட்டிய அறைகளுக்கு அப்பால், கதவு தட்டும் சத்தம் கேட்டது. சேலை போர்த்திய அந்தக் கண்ணாடி இருட்டில் நின்றது. மறுபடியும் மேலேயிருந்து குரல்.

"அண்ணே. அண்ணி."

அப்பா விரலை மடக்கினார். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்காக வாயைத் திறந்தபடியே நின்றார். அவர் முகத்தை நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பயப்படவில்லை. கூப்பிடு, கூப்பிடு என்று கெஞ்சுகிற முகம் அது.

அப்போது குழந்தை அழுதது. மிக மெதுவாக, தலைமாட்டில் அழுவதுபோல.

அம்மா விளக்கை ஊதி அணைத்தார்.

அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். மூன்றாவது முறை யாரும் கூப்பிடவில்லை. நெடுநேரம் கழித்து அம்மா விளக்கை ஏற்றியபோது அப்பா அதே இடத்தில், விரலை மடக்கியபடி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் பண்டாரம் வந்து முன்கதவில் எலுமிச்சம்பழம் கட்டினார். குறுக்கே இரண்டு பலகைகளை அடிக்கச் சொன்னார். அப்பாவே அடித்தார். "போயிட்டாரு. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாரு" என்றார் பண்டாரம். அம்மா அவருக்கு அரிசியும் தேங்காயும் கொடுத்தனுப்பினார்.

பக்கத்து பங்களாவின் ஒரு பகுதியில் ஒரு டீச்சர் குடியிருந்தார். கத்தோலிக்கர், எங்களுக்கு முறுக்கு, கேக் எல்லாம் அனுப்புவார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சொந்த ஊர் போனவர் பொங்கல் சமயத்தில்தான் திரும்பினார். சாவு வீடு, எங்களுக்குப் பொங்கல் இல்லை. காரியம் நடந்த நாட்களில் பரீட்சைத் தாள்களோடு பள்ளியிலேயே இருந்ததால் அவருக்கு அது தெரியாது. ஒரு தட்டில் பழங்களோடு படியேறி வந்தார். அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. உங்க வீட்டு விஷயம்தான். ஆனா லீவு பூரா அந்தப் புள்ள முகமே கண்ணுல நிக்குது."

"எந்தப் புள்ள?"

"உங்க கொழுந்தனார் புள்ளதான்க்கா."

முறம் அசைவதை நிறுத்தியது. டீச்சர் அதைக் கோபம் என்று நினைத்திருக்க வேண்டும், வேகமாகச் சொன்னார்.

"நான் ஊருக்குப் போறதுக்கு முத நாளு. கோயில்லேந்து வர்றேன், நல்ல மழை. உங்க போர்ட்டிகோவுலேந்து எறங்கி வந்தாங்க. அவரு, அவரு சம்சாரம், கைக்கொழந்த. வெள்ளத்துல எல்லாம் போச்சாம், காட்டு மேட்டுல ஏறித் தப்பிச்சாங்களாம். 'இது ஓவர்சியர் வீடுதானே'ன்னு கேட்டாரு. ஆமா, வீட்லதான் இருக்காங்கன்னேன். 'தெரியும் டீச்சர், வெளிச்சம் தெரிஞ்சுச்சு. நான் கூப்பிட்டதும் அணைச்சிட்டாங்க'ன்னாரு. எங்க வீட்டுக்கு வாங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டேன், வரல. கொழந்தைக்குப் பாலு மட்டும் வாங்கிக்கிட்டாங்க."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"'எங்கண்ணன் ஒண்ணு சொன்னா சொன்னதுதான்'னு சொல்லிச் சிரிச்சாருக்கா. சிரிச்சாரு. அதான் எனக்கு என்னமோ போல இருக்கு."

"இந்தப் பக்கம் படி இருக்குன்னு நீ சொல்லலையா டீச்சர்?" அம்மாவின் குரல் அவருடையதாக இல்லை.

"விளக்க அணைச்சிட்டாங்கன்னு சொன்ன மனுஷன்கிட்ட எப்படிக்கா சொல்றது? நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னுல நெனச்சேன்."

அப்பா வேலையிலிருந்து வந்ததும் அம்மா சாடியின் பக்கத்தில் நின்றபடியே சொன்னார். அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராகத் தெற்குப் பக்கம் போய், கடப்பாரையால் பலகைகளைப் பெயர்த்தார். ஆணி பிடுங்கும் சத்தத்துக்குத் தம்பி காதைப் பொத்திக்கொண்டான். கதவு திறந்ததும் கடல் காற்று வீட்டுக்குள் புகுந்து, கண்ணாடியின் மேல் இருந்த சேலையைக் கீழே தள்ளியது. வராந்தாவில் ஒன்றும் இல்லை. காய்ந்த இலைகள்தான். அவற்றின் நடுவில் அப்பா உட்கார்ந்துகொண்டார்.

"இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கலாம்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"விளக்க அணைச்சது நான்" என்றார் அம்மா.



அந்த வருடம் முழுக்க அவர் தேடினார். தம்போய்ப் பக்கத்துத் தோட்டங்களில் கேட்டார். சிகாமட்டுக்கு மறுபடி போனார். வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில், குழந்தையோடு அப்படி ஒரு குடும்பம் நாகப்பட்டினம் போனது என்று ஒருவர் சொன்னார். மெர்சிங்கில் மீன் கணக்கு எழுதும் ஒரு தமிழர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, லாரியில் தொற்றிக்கொண்டு போனார். வேறு யாரோ. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அங்கிருந்த உறவினர்களைக் கேட்டதில் யாரும் வரவில்லை என்றார்கள்.

முன்கதவு அதன் பிறகு மூடப்படவே இல்லை, மழை அடித்தாலும். அம்மா தெற்குப் படியில் கோலம் போட ஆரம்பித்தார். மாலையில் அரிக்கேன் விளக்கை வராந்தாவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கம்பத்துக்கு இறங்கும் பாதையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். யாராவது போனால் எழுந்து நிற்பார். நாங்கள் வேறு வீட்டுக்கு மாற்றலாகிப் போகும்வரை இப்படித்தான் இருந்தது. இரவெல்லாம் திறந்து கிடந்த அந்த வீட்டில் நாங்கள் அதற்கு முன் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தோம். முன்பு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். பிறகு யாரும் வரமாட்டார்களோ என்று.

பல வருடங்கள் கழித்து, எனக்கு நாற்பது வயதுக்கு மேல், ஒரு காரியமாக அந்தப் பக்கம் போனபோது வீட்டைப் பார்த்தேன். ஏதோ ஓர் அலுவலகத்தின் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்த மலாய்ப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, தெற்குக் கதவையும் அறைகளையும் சாத்திவிட்டுக் கூடத்தில் நின்றேன். வராந்தாவில் நின்று ஏதாவது பேசும்படி அவரிடம் சொல்லியிருந்தேன். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் வராந்தாக் கூரையில் மோதி, காற்றுவழிப் பூக்களுக்குள் நுழைந்து, கூடத்தின் உச்சியிலிருந்து என் தலைமேல் இறங்கியது. கதவு வழியாக ஒன்றும் வரவில்லை. காற்றுக்காகக் கட்டிய வீடு. குரலும் காற்றோடு வந்திருக்கிறது. கட்டட வேலையிலேயே இருந்த அப்பாவுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று அன்று யோசித்தேன். தம்பியின் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவனுக்குச் சுவரும் கூரையும் எப்படித் தோன்றும்?

அதை அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்திய வருடமே அவர் காலமாகிவிட்டார்.

அவருடைய காரியத்தின் போது தம்பி நீரில் நின்றான். பண்டாரம் வேறொருவர், இளைஞர். பிண்டம் வைக்க, குடும்பத்தில் முன்னால் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். தம்பி பாட்டனார் பெயரைச் சொன்னான், பாட்டி பெயரைச் சொன்னான்.

"அப்பாகூடப் பொறந்தவங்க?"

தம்பி தயங்கிக் கரையைப் பார்த்தான். சித்தப்பா இருந்தால் அவருக்கும் அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும்.

"ஒருத்தரு" என்றார் அம்மா.

"தவறிட்டாங்களாம்மா?"

"இல்ல. இருக்காரு."

"அப்ப கூப்பிடுங்க. தம்பி மொறைக்கு அவரும் தண்ணி விடணும்."

அம்மா கரையில் கூடியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பிறகு அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, தம்பியின் பக்கத்தில் போய் நின்றார்.

"அவரு வர்றதுக்கு நேரமாகும்" என்றார். "அவருக்குண்டானத நான் விடுறேன், குடுங்க."